சத்தம் கேட்கிறது, படம் எங்கே?

சத்தம் வருகிறது, படம் மட்டும் வரவில்லை என்றால் அந்தத் தொலைக்காட்சிப் பெட்டியில் பாதிக்கு மேல் நல்ல நிலையில் இருக்கிறது என்று பொருள். கரண்ட் உள்ளே போகிறது. பவர் போர்டு முழுக்கச் சாகவில்லை. சேனலைப் பிரித்துக் கொடுக்கும் மெயின் போர்டு பெரும்பாலும் வேலை செய்கிறது. கெட்டது படம் வரும் வழியில் ஏதோ ஓர் இடம். அது பெட்டிக்குப் பின்னால் தொங்கும் மலிவான வயராகவும் இருக்கலாம், பெட்டியின் விலையில் பெரும்பங்கை விழுங்கும் திரைப் பேனலாகவும் இருக்கலாம். இரண்டுக்கும் வெளியே தெரியும் அறிகுறி ஒன்றேதான்: திரை கறுப்பு, குரல் கணீர்.

தூத்துக்குடி மாவட்டம் விளாத்திகுளம் வட்டத்திலுள்ள நாகலாபுரம் போன்ற ஊர்களில் இந்த இரண்டையும் பிரித்தறிவது காசு சம்பந்தப்பட்ட காரியம். சுற்றிலும் மானாவாரிக் கரிசல். பருத்தி, உளுந்து, மிளகாய், மக்காச்சோளம் என்று மழையை நம்பி விளையும் காடு. உள்ளூரில் ஆள் அகப்படாவிட்டால் விளாத்திகுளத்துக்கோ அருப்புக்கோட்டைக்கோ கோவில்பட்டிக்கோ டிவியைக் கொண்டுபோக வேண்டும். ஒரு நாள் வேலை கெடும். 32 அங்குலப் பெட்டியைப் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போவதில் பேனல் நொறுங்கும் பயம் வேறு. அவ்வளவு பாடுபட்டுப் போன பிறகு, “டிவி நல்லாத்தாண்ணே இருக்கு, உங்க பாக்ஸுதான் கோளாறு” என்று கடைக்காரர் சொல்லித் திருப்பி அனுப்புவதும் நடக்கிறது. அதனால்தான் சோதனையை வெளியிலிருந்து தொடங்கி உள்ளே போக வேண்டும். காசில்லாத சோதனை முதலில், திருப்புளி கடைசியில்.

சத்தம் வேறு, படம் வேறு

படமும் சத்தமும் ஒரே பெட்டிக்குள் வந்தாலும் அவை தொடக்கத்திலிருந்தே தனித்தனி வழியில் நடப்பவை. சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15 அன்று ஒளிபரப்பைத் தொடங்கிய காலத்தில் படம் ஓர் அலையிலும் ஒலி இன்னோர் அலையிலும் வந்தன. இரண்டுக்கும் இடையே 5.5 மெகாஹெர்ட்ஸ் இடைவெளி. படத்தைச் சுமந்த அலையில் அதன் வலிமை ஏறி இறங்கும். ஒலியைச் சுமந்த அலையில் அதிர்வெண் ஏறி இறங்கும். இன்றைய எஃப்.எம். வானொலியும் இந்த இரண்டாவது முறையில்தான் இயங்குகிறது. வழியில் சேரும் இரைச்சல் அலையின் வலிமையைத்தான் முதலில் கெடுக்கும். ஆகவே சிக்னல் பலவீனமானால் படம் முதலில் புள்ளி பறந்து மங்கும்; பேச்சு மட்டும் புரியும்படி கேட்டுக்கொண்டிருக்கும்.

தூத்துக்குடி, இராமநாதபுரம் கடலோரத்தில் நடுவயது தாண்டியவர்களுக்கு இது விளக்கம் தேவையில்லாத அனுபவம். இலங்கையின் ரூபவாஹினி 1982 பிப்ரவரி 15 அன்று ஒளிபரப்பைத் தொடங்கியது. உயரமான இரும்புக் குழாயில் ஆன்டெனாவைக் கட்டி, இலங்கைப் பக்கம் திருப்பி வைத்து, கடல் தாண்டி வந்த படத்தைத் தமிழ்நாட்டுக் கரையில் இருந்தவர்கள் பார்த்தார்கள். ஒருவர் மாடியில் குழாயைத் திருப்ப, இன்னொருவர் வீட்டுக்குள்ளிருந்து குரல் கொடுக்க, சத்தம் வந்து படம் வராமலும் படம் வந்து சத்தம் வராமலும் மாலைப்பொழுது கழியும். அன்றைக்குக் கோளாறு பெரும்பாலும் வானத்தில்தான்.

இன்றைக்கு அப்படியில்லை. கேபிளிலும் டிஷ்ஷிலும் வருவது டிஜிட்டல். படமும் சத்தமும் எண்களாகி ஒரே ஓடையில் கலந்து வருகின்றன. சிக்னல் கெட்டால் படம் கட்டங்கட்டமாக உடைந்து உறையும், சத்தமும் விட்டுவிட்டுக் கேட்டு நின்றுபோகும். சத்தம் பிசிறில்லாமல் வந்துகொண்டே இருக்கிறது, படம் மட்டும் இல்லை என்றால் டிஷ்ஷைத் திருப்புவதிலோ கேபிள்காரரை வசைபாடுவதிலோ பயன் இருக்காது. சிக்னல் வந்து சேர்ந்துவிட்டது. அதற்குப் பிந்திய இடத்தில்தான் தேட வேண்டும்.

பெட்டியைத் திறக்குமுன்

முதல் சோதனைக்கு ஐந்து நொடி போதும். செட்டாப் பாக்ஸின் ரிமோட்டை ஒதுக்கிவிட்டு, டிவியின் சொந்த ரிமோட்டில் மெனு பொத்தானை அழுத்த வேண்டும். மெனு எழுத்துகளை உண்டாக்குவது டிவியே. அவை திரையில் பளிச்சென்று தெரிந்தால் பேனல், அதற்குப் பின்னால் ஒளிதரும் பேக்லைட், மெயின் போர்டு மூன்றும் பெரும்பாலும் நன்றாக இருக்கின்றன, கோளாறு வெளியே. மெனுவும் தெரியாவிட்டால் கோளாறு டிவிக்குள். கடையில் சோதனைக் கட்டணம் கொடுக்குமுன் எல்லாரும் செய்யக்கூடிய இந்த ஒரு காரியத்தைப் பெரும்பாலோர் செய்வதில்லை. டிவி ரிமோட் எங்கோ பரண்மேல் கிடப்பது ஒரு காரணம். பாக்ஸ் வந்த பிறகு வீட்டில் புழங்குவது பாக்ஸ் ரிமோட் மட்டுந்தான்.

மெனு தெரிகிறது, சேனல் தெரியவில்லை என்று வைத்துக்கொள்வோம். அப்போது பார்க்க வேண்டியது பாக்ஸிலிருந்து டிவிக்கு வரும் வயர். தமிழ்நாடு அரசு கேபிள் டிவி நிறுவனம் 2017இல் டிஜிட்டல் உரிமம் பெற்று வீடுகளுக்குச் செட்டாப் பாக்ஸ் கொடுக்கத் தொடங்கியது. அத்தகைய பாக்ஸ்கள் பலவும் கிராமத்து வீடுகளில் மூன்று பின் உள்ள ஏ.வி. வயரில்தான் இணைந்திருக்கின்றன. மஞ்சள் பின் படத்துக்கு, வெள்ளையும் சிவப்பும் சத்தத்துக்கு. மஞ்சள் மட்டும் கழன்றாலோ உள்ளே கம்பி அறுந்தாலோ கிடைப்பது இந்தக் கட்டுரையின் தலைப்புத்தான். மூன்று பின்னும் ஒரே மாதிரிச் செய்யப்பட்டவை என்பதால் ஒரு சிறு தந்திரம் செய்யலாம். இரு முனையிலும் மஞ்சளையும் வெள்ளையையும் மாற்றிச் செருக வேண்டும். படம் வந்து, சத்தம் ஒரு பக்கம் போய்விட்டால் குற்றவாளி அந்த மஞ்சள் வயர். புது வயர் வாங்கிப் போட்டால் கதை முடிந்தது.

புதிய எல்.இ.டி. டிவிகளில் இடம் மிச்சம் பிடிக்க மஞ்சளுக்கென்று தனித் துளை வைக்காமல், பச்சைத் துளையிலேயே அதையும் செருகச் சொல்லியிருப்பார்கள். துளையைச் சுற்றிப் பாதி பச்சை, பாதி மஞ்சள் வண்ணம் இருக்கும். அதைக் கவனிக்காமல் நீலத்திலோ சிவப்பிலோ செருகினால் படம் வராது. வீட்டைச் சுத்தம் செய்து டிவியை நகர்த்தி வைத்த மறுநாள் படம் போனதென்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான்.

எச்.டி.எம்.ஐ. வயரில் நிலைமை வேறு. அதில் படமும் சத்தமும் ஒரே கம்பிகளில் வருகின்றன. படத்தின் வரிகளுக்கு இடையிலுள்ள இடைவெளியில் சத்தத்தின் தரவைச் சொருகி அனுப்புகிறார்கள். ஆகையால் அந்த வயர் கெட்டால் பெரும்பாலும் இரண்டும் சேர்ந்தே போகும். எச்.டி.எம்.ஐ. இணைப்பில் சத்தம் மட்டும் தெளிவாக வருமானால் சந்தேகத்தை டிவியின் உள்ளே திருப்பலாம்.

இன்னொரு வகை உண்டு: மற்ற எல்லாச் சேனலும் தெரிகிறது, குறிப்பிட்ட சில சேனல்கள் மட்டும் சத்தத்தோடு நின்றுவிடுகின்றன. மாதக் கட்டணம் இல்லாத தூர்தர்ஷனின் இலவச டிஷ் சேவையைப் பழைய பாக்ஸில் பார்ப்பவர்கள் இதைச் சந்தித்திருப்பார்கள். அந்தச் சேவையில் சில சேனல்கள் எம்பெக்-2 என்ற பழைய முறையிலும் சில எம்பெக்-4 என்ற புதிய முறையிலும் சுருக்கி அனுப்பப்படுகின்றன. பழைய பாக்ஸுக்குப் புதிய முறைப் படத்தை விரிக்கத் தெரியாது. ஒலியைச் சுருக்கும் முறை பழையதாகவே இருந்தால் அதை மட்டும் விரித்துக் கொடுத்துவிடும். பென் டிரைவில் சினிமா போடும்போதும் இதே சிக்கல்தான். எச்.265 என்ற முறையில் சுருக்கிய படத்தைப் பழைய டிவியில் செருகினால் வசனமும் பாட்டும் கேட்கும், திரை கறுப்பாகவே இருக்கும். இதற்கெல்லாம் மெக்கானிக் தேவையில்லை. பாக்ஸையோ கோப்பையோ மாற்ற வேண்டும்.

ஸ்மார்ட் டிவிகளில் ஒரு வேடிக்கையும் இருக்கிறது. பாட்டு மட்டும் கேட்பவர்களுக்காக, கரண்டை மிச்சப்படுத்தத் திரையை மட்டும் அணைத்துவைக்கும் வசதியைப் பல கம்பெனிகள் வைத்திருக்கின்றன. ரிமோட் குழந்தை கையில் போய் அந்த வசதி தற்செயலாக இயங்கிவிட்டால் டிவி கெட்டுவிட்டது போலவே இருக்கும். ரிமோட்டில் ஏதாவது ஒரு பொத்தானை அழுத்தினால் பெரும்பாலும் திரை திரும்பும். திரும்பாவிட்டால் பிளக்கைப் பிடுங்கி இரண்டு நிமிடம் கழித்துப் போட்டுப் பார்க்கலாம்.

டார்ச் லைட் சோதனை

வெளியே எல்லாம் சரி, மெனுவும் தெரியவில்லை. இப்போதுதான் டிவியின் உட்புறத்துக்கு வருகிறோம். இங்கேயும் திருப்புளிக்கு முன் ஒரு சோதனை உண்டு. அதுதான் மொத்தத்தில் மிக முக்கியமானது.

எல்.சி.டி., எல்.இ.டி. டிவிகளின் பேனல் தானாக ஒளிராது. அது ஒரு கண்ணாடித் திரைச்சீலை மாதிரி. பின்னாலிருந்து வரும் வெளிச்சத்தை எங்கே விடுவது, எங்கே மறைப்பது என்பது மட்டுமே அதன் வேலை. 32 அங்குல எச்.டி. ரெடி டிவியில் அகலவாக்கில் 1366, உயரவாக்கில் 768 புள்ளிகள். பெருக்கினால் சுமார் பத்தரை லட்சம். ஒவ்வொரு புள்ளியிலும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று கதவு. இந்த முப்பது லட்சத்துக்கும் மேற்பட்ட கதவுகள் ஒழுங்காகத் திறந்து மூடினாலும் பின்னால் விளக்கு எரியாவிட்டால் திரையில் தெரிவது இருட்டுத்தான்.

இராத்திரியில் வீட்டு விளக்கையெல்லாம் அணைத்துவிட்டு டிவியைப் போட்டு, மெனு பொத்தானை அழுத்தி, செல்போன் டார்ச்சைத் திரைக்கு மிக அருகில் சாய்வாகப் பிடித்துப் பார்க்க வேண்டும். டார்ச் வெளிச்சம் விழும் இடத்தில் மெனு எழுத்தோ ஆள் அசைவதோ மங்கலாகத் தெரிந்தால் பேனல் உயிரோடு இருக்கிறது. போனது பேக்லைட். இதோடு இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்கலாம். டிவியின் பின்பக்கக் காற்றுத் துளைகள் வழியே வெள்ளை வெளிச்சம் கசிகிறதா என்று கவனிக்க வேண்டும். வெளிச்சம் கசிகிறது, டார்ச் அடித்தாலும் படம் இல்லை என்றால் விளக்கு நன்றாக இருக்கிறது. படம் பேனலுக்குப் போய்ச் சேரவில்லை. கடையில் “பேனல் போச்சு” என்று ஒரே சொல்லில் தீர்ப்புச் சொன்னால், டார்ச் அடித்துப் பார்த்தாயிற்றா என்று தயங்காமல் கேட்கலாம். பேக்லைட் மாற்றும் செலவுக்கும் பேனல் மாற்றும் செலவுக்கும் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம்.

எல்.இ.டி. டிவியில் சத்தம் வந்து படம் வராத கோளாறுக்கு மிகச் சாதாரணமான காரணம் பேக்லைட்டே. பேனலுக்குப் பின்னால் நீளமான பட்டைகளில் சிறு சிறு எல்.இ.டி. விளக்குகளை ஒட்டி வைத்திருப்பார்கள். 32 அங்குலத்தில் பெரும்பாலும் இரண்டு அல்லது மூன்று பட்டை. மெக்கானிக்குகள் இதை ஸ்ட்ரிப் என்பார்கள். விளக்குகள் பெரும்பாலும் தொடராக, ஒன்றன் வால் இன்னொன்றின் தலையில் என்று கோக்கப்பட்டவை. ஒவ்வொன்றுக்கும் 3 வோல்ட் வீதம் 18 விளக்கு என்றால் 54 வோல்ட் கொடுக்க வேண்டும். கோயில் திருவிழாவில் கட்டும் பழைய சீரியல் செட்டை நினைத்துக்கொண்டால் போதும்: ஒரு பல்பு போனால் அந்த வரிசை முழுக்க அணையும். இங்கேயும் ஒரே ஒரு விளக்கு அறுந்தால் திரை முழுவதும் இருண்டுவிடும். மற்ற பதினேழும் நன்றாகவே இருக்கும்.

சில டிவிகளில் போட்டவுடன் ஓரிரு நொடி படம் பளிச்சென்று வந்து அணைந்துவிடும், சத்தம் தொடரும். விளக்குகளுக்குக் கரண்ட் கொடுக்கும் பகுதி, வரிசையில் வோல்டேஜோ கரண்டோ முறைதவறுவதைக் கண்டு தானே நிறுத்திக்கொள்வதுதான் இது. ஒரு பாதுகாப்பு ஏற்பாடு. இந்த அறிகுறியைப் பார்த்தால் ஸ்ட்ரிப்பில்தான் கோளாறு என்று ஏறக்குறையத் தீர்மானிக்கலாம்.

விளக்கு சாவதற்கு முன் அடையாளம் காட்டும். வெள்ளை எல்.இ.டி. என்பது உண்மையில் நீல விளக்கு. அதன்மேல் பூசிய மஞ்சள் பொடிதான் அதை வெள்ளையாக்குகிறது. சூட்டில் அந்தப் பூச்சு கருகினால் திரை ஊதா சாயத்தில் தோய்ந்தது போலாகும். விளக்கின்மேல் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் மூடி சூட்டில் கழன்று விழுந்தால் திரையில் வட்ட வட்டமாக வெள்ளைப் பொட்டு தெரியும். இந்த இரண்டும் வந்த டிவி சீக்கிரத்தில் இருண்டுபோகும்.

இவ்வளவுக்கும் மூலம் சூடு. கோடையில் ஓட்டு வீட்டிலும் தகர வீட்டிலும் உள்ளே கொதிக்கும். அதோடு கடையில் பளபளவென்று தெரிய வேண்டும் என்பதற்காக பேக்லைட்டை முழு அளவில் வைத்தே டிவி வீட்டுக்கு வருகிறது. மெனுவில் ‘பேக்லைட்’ என்ற அளவைப் பாதிக்கோ அதற்குச் சற்று மேலாகவோ குறைத்து வைத்தால் விளக்குக்குப் போகும் கரண்ட் குறையும், ஆயுள் கூடும். ‘பிரைட்னெஸ்’ என்பது வேறு. பல டிவிகளில் அது படத்தின் கறுப்பை ஏற்றி இறக்குமே தவிர விளக்கைத் தொடாது.

ஸ்ட்ரிப் மாற்றும்போது கெட்ட ஒரு விளக்கை மட்டும் மாற்றுவது சிலர் வழக்கம். செலவு குறைவு, ஆனால் மற்ற விளக்குகளும் அதே சூட்டில் அத்தனை நாள் எரிந்தவை. சில மாதத்தில் அடுத்தது போகும். முழு செட்டாக மாற்றுவதுதான் சரி. மாற்றும் வேலையில் ஆபத்தான கட்டம் பேனலைக் கழற்றித் தனியே வைப்பது. அது மெல்லிய கண்ணாடி. ஓரத்தில் தாள் போன்ற நாடாக்கள் தொங்கும். ஒரு நாடா கிழிந்தால் பேனல் குப்பைக்குத்தான். நல்ல பேனலைச் சொந்தக்காரர் வீட்டிலேயே கழற்றிப் பார்த்துக் கெடுப்பது அடிக்கடி நடக்கிற விபரீதம். இந்தக் கட்டத்தோடு வீட்டு வைத்தியம் நின்றுவிட வேண்டும்.

எல்.இ.டி.க்கு முந்திய எல்.சி.டி. டிவிகளில் மெல்லிய ட்யூப் லைட்டுகள் இருந்தன. அவற்றை எரிக்க இன்வெர்ட்டர் என்ற பகுதி பல நூறு வோல்ட் உண்டாக்கியது. ஒரு ட்யூப் மங்கினாலும் இன்வெர்ட்டர் எல்லாவற்றையும் அணைத்துவிடும். அவற்றுக்கு ட்யூப் கிடைப்பது இப்போது அரிது.

வெளிச்சம் இருந்தும் படம் இல்லாவிட்டால்

பேக்லைட் எரிகிறது, படம் இல்லை. அப்போது சந்தேகம் மெயின் போர்டிலிருந்து பேனலுக்குப் போகும் பாதையில் விழுகிறது. இடையில் டி-கான் என்ற சிறு போர்டு இருக்கிறது. எந்தக் கதவை எந்த நொடியில் திறப்பது என்று பேனலுக்குக் கட்டளையிடுவது அதுதான். 32 அங்குல டிவிகளில் அதற்கு வரும் மின்சாரம் பெரும்பாலும் 12 வோல்ட். வாசலிலேயே கடுகளவு ஃபியூஸ் ஒன்று உண்டு. அது போனால் சத்தம் வரும், பேக்லைட் எரியும், படம் வராது. மெயின் போர்டிலிருந்து டி-கானுக்கு வரும் நாடா வயரின் முனை களிம்பேறினாலும் இதே நிலைதான். ரப்பரால் முனையைத் துடைத்து அழுத்திச் செருகியவுடன் படம் வந்துவிட்ட டிவிகள் எண்ணிக்கையில் அடங்காது.

கரிசல் காட்டுப் புழுதி இங்கே தன் பங்கைச் செய்கிறது. கோடையில் காற்று அடித்தால் மாவு மாதிரி நுண்ணிய மண் காற்றுத் துளை வழியே போய்ப் போர்டில் படியும். காய்ந்திருக்கும் வரை அது அதிகம் தொந்தரவு செய்யாது. ஐப்பசியில் ஈரக்காற்று வந்ததும் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு போர்டிலுள்ள உதிரிகளின் கால்களுக்கு நடுவே கரண்டைக் கசியவிடும். சூட்டுக்காக உள்ளே குடியேறும் பல்லியும் எறும்பும் தனி.

புழுதியைத் துடைக்கப்போய்ப் பேனலையே கெடுப்பதும் உண்டு. பொங்கலுக்கு வீடு கழுவும்போது ஈரத்துணியால் திரையை அழுந்தத் துடைப்பார்கள். வழிந்த நீர் கீழ்ச் சட்டத்துக்குள் இறங்கி, பேனலின் விளிம்பில் ஒட்டியிருக்கும் நாடாக்களைத் தொடும். சில நாளில் செங்குத்துக் கோடுகள் தோன்றும், பாதித் திரை மறையும், பிறகு எல்லாமே போகும். உலர்ந்த மெல்லிய துணி போதும். விடாத கறையென்றால் துணியை நனைத்து நன்றாகப் பிழிந்து துடைக்கலாம். திரையில் நேராகத் தண்ணீர் தெளிக்கவே கூடாது.

மேற்படி எதுவும் இல்லாமல் பேனலே போயிருந்தால் அதை மாற்றுவது பெரும்பாலும் கட்டுப்படியாகாது. புதுப் பேனலின் விலை புது டிவியின் விலையை நெருங்கும். உத்தரவாதக் காலத்துக்குள் போனால் கம்பெனி மாற்றித் தர வேண்டும். உடைசலுக்கு மட்டும் உத்தரவாதம் பொருந்தாது. மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

கரண்ட்டும் இடியும்

டிவி இழுக்கும் கரண்டில் பெரும்பங்கு பேக்லைட்டுக்கே போகிறது. பவர் போர்டில் உள்ள கெப்பாசிட்டர்கள் தலை உப்பிப் பலவீனமானால், சத்தத்துக்கும் மெயின் போர்டுக்கும் வேண்டிய சிறு கரண்ட் கிடைக்கும்; விளக்குக்கு வேண்டிய பெருங்கரண்ட் கிடைக்காது. திரை மினுக்மினுக்கென்று அடித்து அணைவதற்கு இதுவும் காரணம். கெப்பாசிட்டரின் விலை சொற்பம். கண்ணால் பார்த்தே உப்பலைக் கண்டுபிடிக்கலாம்.

நியூட்ரல் கம்பி அறுந்து வீட்டுக்குள் 400 வோல்ட் வரை ஏறுவது கிராமங்களில் கேள்விப்படாத சங்கதியில்லை. ஆனால் அதில் டிவி முழுவதுமாகச் செத்துவிடும்; சத்தமும் வராது. இடி விழும்போது நேர்வது வேறு மாதிரி. புரட்டாசி, ஐப்பசியில் கரிசல் காட்டில் இடி மின்னல் அதிகம். மொட்டை மாடி டிஷ்ஷிலிருந்தோ தெருக் கேபிளிலிருந்தோ வரும் வயர் மூலம் அதிர்ச்சி பாக்ஸுக்குள் இறங்கி, அங்கிருந்து எச்.டி.எம்.ஐ. வழியே டிவிக்குள் நுழையும். அந்தத் துளையைக் கவனிக்கும் ஐ.சி. மட்டும் கருகியிருந்தால் ஏ.வி. வயரில் மாட்டி டிவியை இன்னும் சில வருடம் ஓட்டலாம்.

எர்த் இதைத் தடுக்க வேண்டும். பல டிவிகளுக்கு இரண்டு முள் பிளக்தான். எர்த் முள்ளே கிடையாது. டிஷ்ஷின் இரும்புக் குழாயையாவது எர்த்தோடு இணைக்கலாம். கரிசலில் எர்த்துக்கும் ஒரு சோதனை இருக்கிறது. நனைந்த கரிசல் கரண்டை நன்றாக வாங்கும். கோடையில் அதே மண் சுருங்கி வெடித்து, புதைத்த கம்பியை விட்டே விலகிவிடும். குழியில் உப்பும் கரியும் போட்டுக் கோடையில் அவ்வப்போது தண்ணீர் ஊற்றச் சொல்வது அதனால்தான். தூத்துக்குடிச் சீமையில் உப்புக்கும் கரிக்கும் பஞ்சமில்லை. ஆனாலும் தலைக்குமேல் இடி இடிக்கையில் எர்த்தை நம்பி உட்கார்ந்திருக்காமல் பிளக்கையும் கேபிள் வயரையும் சேர்த்துப் பிடுங்கி வைப்பதே நிச்சயமான பாதுகாப்பு. இடி வருவதற்கு முன்பே பிடுங்க வேண்டும். இடிக்கும்போது வயரில் கை வைக்கக் கூடாது.

பழைய குண்டு டிவி

2006 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய தமிழக அரசின் இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தில் ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட வீடுகளுக்கு 14 அங்குலப் பெட்டிகள் போய்ச் சேர்ந்தன. அவை எல்லாம் பிக்சர் டியூப் வைத்தவை. கரிசல் கிராமங்களில் இன்னும் சில அடுப்படியிலும் திண்ணையிலும் ஓடுகின்றன. அவற்றின் நோய் வேறு, வைத்தியமும் வேறு.

பிக்சர் டியூபின் கழுத்தில் ஒரு சிறு இழையின் சூட்டால் எலக்ட்ரான்கள் வெளிவரும். முன்பக்கம் இருபதாயிரம் வோல்ட்டுக்கும் மேலான மின்னழுத்தம் அவற்றைத் திரைக்கு இழுக்கும். நொடிக்கு 25 படம், படத்துக்கு 625 வரி. ஆக நொடிக்கு 15,625 வரி என்று எலக்ட்ரான் கற்றை திரையில் உழும். அந்தப் பெரும் வோல்டேஜை உண்டாக்குவது எல்.ஓ.டி. என்றும் ஈ.எச்.டி. என்றும் மெக்கானிக்குகள் சொல்லும் டிரான்ஸ்ஃபார்மர்.

அது வேலை செய்கிறதா என்று அறிய மீட்டர் வேண்டாம். டிவியைப் போடும் நொடியில் முன்கையைத் திரைக்கு அருகே கொண்டுபோனால் மயிர் சிலிர்த்து எழும், சடசடவென்று மெல்லிய ஒலி கேட்கும். எழுந்தால் உயர் வோல்டேஜ் இருக்கிறது. அடுத்துப் பார்க்க வேண்டியது கழுத்து. பின்பக்கத் துளை வழியே டியூபின் கழுத்தில் செக்கச் சிவந்த சிறு ஒளி தெரிய வேண்டும். அது இல்லையென்றால் இழைக்குக் கரண்ட் வரவில்லை. கழுத்தில் செருகிய சிறு போர்டில் சாலிடர் விட்டுப்போயிருக்கும். இழையும் எரிந்து, வோல்டேஜும் இருந்து, திரை மட்டும் இருண்டிருந்தால் அந்தக் கழுத்துப் போர்டிலேயே படத்தைப் பெருக்கும் பகுதியோ ஸ்கிரீன் வோல்டேஜோ காரணம். திரையின் குறுக்கே ஒரே ஒரு வெள்ளைக் கோடு மட்டும் நின்றால் வெர்ட்டிக்கல் ஐ.சி. போயிற்று. அப்போது வெளிச்சத்தைக் குறைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் கோடு விழுந்த இடம் திரையில் நிரந்தரமாகக் கருகிவிடும்.

இந்த டிவிகளைத் திறப்பது எல்.இ.டி.யைத் திறப்பதைவிட ஆபத்து. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் டியூபின் பக்கவாட்டில் உறிஞ்சுக் கிண்ணம் போல் ஒட்டியிருக்கும் வயரில் மின்சாரம் தேங்கி நிற்கும். எந்த டிவியானாலும் பவர் போர்டின் பெரிய கெப்பாசிட்டரில் சுமார் 325 வோல்ட் நேர்மின்சாரம் கொஞ்ச நேரம் தங்கும். அதை வடிக்கத் தெரிந்தவர் மட்டுமே மூடியைத் திறக்கலாம்.

டிவியைக் கடைக்குக் கொண்டுபோகும்போது, மெனு தெரிந்ததா, டார்ச்சில் படம் தெரிந்ததா, போட்டவுடன் ஒரு நொடி வந்து அணைந்ததா, முந்திய நாள் இடி விழுந்ததா, ஈரத்துணியில் துடைத்தார்களா என்ற ஐந்தையும் மெக்கானிக்கிடம் சொல்லிவிட்டால் அவருக்குப் பாதி வேலை மிச்சம். கழற்றிய பழைய உதிரியைக் கையில் வாங்கிப் பார்க்க வேண்டும். திரும்பி வரும்போது டிவியைப் படுக்க வைக்காமல் நிறுத்தி, திரைப்பக்கம் மெத்தை வைத்துக் கொண்டுவர வேண்டும்.

தேறாது என்று முடிவான டிவியைக் காயலான் கடைக்குப் போடுமுன் விசாரித்துக்கொள்ளலாம். பேனல் போன டிவியின் மெயின் போர்டு, பவர் போர்டு, ஸ்பீக்கர் ஆகியவற்றை மெக்கானிக்குகள் உதிரிக்கு வாங்குவார்கள். எடைக்குப் போட்டால் கிடைப்பதைவிட அதிகம் கிடைக்கும். பிக்சர் டியூபின் பின்கண்ணாடியில் ஈயமும் பழைய எல்.சி.டி.யின் ட்யூப்களில் பாதரசமும் இருக்கின்றன. செம்புக் கம்பிக்காக அவற்றை ஊருணிக் கரையில் போட்டு உடைக்க விடாதீர்கள்.